அத்தையின் பல்லுக்கு ஒரு விளக்கு

என் மாமியாருடைய பல் செட்டைக் கிணற்றில் போட்டது நான்தான். இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அத்தை காதுக்குப் போனால் என் கதை கந்தல்.

வேண்டுமென்று போடவில்லை. எல்லாம் தொழில் புத்தி. முப்பது வருஷமாகத் தண்ணீர் மோட்டார் மெக்கானிக். தண்ணீர் இழுக்காத மோட்டாரைக் கண்டால் கை சும்மா இருக்காது. அன்றைக்கு எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டார் காற்று வாங்கிவிட்டது. கிணற்று விளிம்பில் இருக்கிற அதன் வாயில் புனல் வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் போதும், உள்ளே புகுந்த காற்று வெளியேறி இழுத்துவிடும். ஜன்னல் திட்டில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் இருந்தது. எடுத்தேன், கவிழ்த்தேன். புனலில் ஒரு 'டக்'. கிணற்றுச் சுவரில் ஒரு 'டக்'. அப்புறம் 'குளுக்'.

மதியம் தூங்கப் போகுமுன் அத்தை பல்லைக் கழற்றி ஊறப்போடுகிற டம்ளர் அது.

விழுந்த நேரம் பாருங்கள். பத்தே நாளில், ஞாயிற்றுக்கிழமை, அத்தை தன் மகன் வீட்டுக்குப் போவதாக இருந்தது. மச்சான் கார் அனுப்புகிறான். அஞ்சு மாசமாக என் பட்டறை அறையில்தான் அத்தைக்குக் கட்டில். என் சாமான் எல்லாம் மாடிப்படிக்கு அடியில். நானும் கிட்டத்தட்ட அங்கேதான். நாள் எண்ணிக்கொண்டிருந்தவன் தலையில் இடி.

"பல்லு கிடைக்காம நான் எங்கயும் போகமாட்டேன்" என்றார் அத்தை, பொக்கை வாயோடு. "மருமக முன்னாடி இப்படிப் போய் நிக்கவா? அவ என்னைப் பார்த்துச் சிரிப்பா. நான் திருப்பிச் சிரிக்கக்கூட முடியாது."

"பூனை தூக்கிட்டுப் போயிருக்கும் அத்தை" என்றேன்.

"பூனைக்கு எதுக்குங்க மாப்பிள்ளை என் பல்லு? அதுக்குத்தான் சொந்தமா இருக்கே!"

என் வீட்டுக்காரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பூனையைத் தேடுகிற மாதிரி வெளியே போனேன்.

புதுப் பல் கட்ட ஒரு மாசம் ஆகும் என்றார் டாக்டர். கிணற்றில் ஆளை இறக்கினால் குட்டு உடையும். அதனால் ஆளில்லாத வண்டியை இறக்குவது என்று முடிவெடுத்தேன். பிளாஸ்டிக் குழாயில் ஒரு சட்டம். படகுக்குள் தேங்கும் தண்ணீரை இறைக்கிற குட்டி மோட்டார் மூன்று. கார் பின்னால் எடுக்கும்போது பார்க்கிற கேமரா ஒன்று, மேலே வைத்துப் பார்க்க அதன் குட்டித் திரை. முன்னால் பல்லை அள்ள ஒரு டீ வடிகட்டி. ரேடியோ ரிப்பேர் பார்க்கிற பக்கத்து வீட்டு ரேடியோக்காரர்தான் கூட்டாளி. கிணற்றில் விட்டோம். திரையில் ஒரே கறுப்பு.

"இருட்டை ரொம்பத் தெளிவா எடுக்குது அண்ணே" என்றார் ரேடியோக்காரர்.

விளக்கு வேண்டும். பட்டாணி அளவு எல்.இ.டி. நாலு கொடுத்தார். ஒரு சின்ன பாட்டிலுக்குள் வைத்து மூடியைப் பசையால் ஒட்டினேன். ரெண்டு ஆள் ஆழம்கூடப் போகவில்லை, தண்ணீர் புகுந்து புஸ். நாலு நாள் போச்சு.

"காத்து இருந்தாத்தான் அண்ணே தண்ணி இடம் பிடிக்கும். காத்தே இல்லாம பிசின் ஊத்தி அடைச்சிடுங்க."

ரெண்டு டப்பாவில் வருகிற பிசின். சரிபாதி கலந்தால் கண்ணாடி மாதிரி இறுகும். கலக்கும்போது அத்தை பின்னால் வந்து, "மாப்பிள்ளை, என் பல்லைப் பார்த்தீங்களா?" என்றார். திரும்பிப் பார்த்ததில் ஒரு டப்பா கூடுதலாகச் சாய்ந்துவிட்டது. மறுநாள் பார்த்தால் அல்வா. எட்டாம் நாள்தான் சரியாக இறுகியது. அதுவும் வீட்டுக்காரியின் கேக் அச்சில்.

தண்ணீருக்குள் எரிகிற விளக்கைத் தண்ணீருக்குள்தான் சோதிக்க வேண்டும். வெளியே எரியவிட்டால் சூடேறிச் செத்துவிடும். கைக்குக் கிடைத்த பக்கெட்டில் முக்கினேன். பளீர்! பின்னால் வீட்டுக்காரியின் குரல்.

"என்னங்க, பக்கெட்டுக்குள்ள வெளிச்சம்?"

அப்போதுதான் பார்த்தேன். துணி ஊறப்போட்ட பக்கெட்.

"அது... துணியில அழுக்கு தெரியுதான்னு பார்க்கிறேன்."

"தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"அப்ப துவைச்சிடுங்க."

துவைத்தேன். போர்வை ரெண்டு.

"அப்புறம், அந்தக் கேக்கு அச்சு எங்க போச்சுன்னு நான் கேக்கப்போறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் விளக்கோடு இறக்கினோம். திரையில் ஒரே வெள்ளை. கேமராவை ஒட்டியே விளக்கு வைத்ததால் மிதக்கிற தூசியெல்லாம் மின்னுகிறது. முதலில் கறுப்பு, இப்போது வெள்ளை. நடுவில் ஒன்றும் தெரியவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை கஞ்சி குடித்துவிட்டு நன்றாகத் தூங்கினார்.

சனிக்கிழமை மத்தியானம். விளக்குகளைச் சட்டத்தின் ரெண்டு ஓரத்துக்கும் தள்ளிக் கட்டினேன். பெண்கள் ரெண்டு பேரும் படுத்திருந்தார்கள். ரேடியோக்காரர் ஒயரைப் பிடித்துக்கொண்டார். வண்டி இறங்கியது. பாசி. ஒரு வாளி. ஒரு செருப்பு. அப்புறம், சேற்றின்மேல், வெளிச்சத்தில், முத்துமுத்தாக... என்னைப் பார்த்து இளித்தது!

மூன்று தடவை தவறி, நாலாம் தடவை வடிகட்டியில் விழுந்தது. மேலே இழுத்தேன். கையில் எடுத்தேன். கழுவிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கார், திங்கட்கிழமை பட்டறை. திரும்பினேன்.

தாயும் மகளும் வாசற்படியில் நின்றார்கள். ரேடியோக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். ஒயர்தான் இருந்தது.

"பார்த்தியாம்மா?" என்றாள் என் வீட்டுக்காரி. "உன் பல்லு எப்படியோ கிணத்துல விழுந்திருக்கு. அதுக்காகப் பத்து நாளா மனுஷன் சோறு தண்ணி இல்லாமக் கிடந்திருக்காரு. வாய் விட்டு ஒரு வார்த்தை சொல்லல."

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. பல்லை வாங்கி முந்தானையில் துடைத்தார். "பெத்த மகன் பண்ணுவானா இதை? அவன் கார்தான் அனுப்புவான்."

"ஐயோ அத்தை, அப்படியெல்லாம் பெருசா ஒண்ணும் இல்ல. நீங்க நிம்மதியா ஊருக்குக் கிளம்பணுமேன்னுதான்..."

வீட்டுக்காரி என் காதருகே வந்தாள். "அன்னைக்கு ஜன்னல் வழியா நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். டம்ளர் கதையை நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"வேண்டாம்."

"அப்ப அம்மாவை இருக்கச் சொல்லுங்க. நான் சொன்னா வீம்பு பண்ணுவாங்க. மாப்பிள்ளை சொன்னா கேட்டுக்குவாங்க."

நான் அத்தையைப் பார்த்தேன். கிணற்றைப் பார்த்தேன். "இங்கேயே இருந்துடுங்களேன் அத்தை" என்றேன்.

அத்தை பல்லை மாட்டிக்கொண்டு வாய் நிறையச் சிரித்தார். "இவ்வளவு தூரம் கேக்கறீங்க. எப்படித் தட்டுறது? கூடத்துல கட்டி வச்ச பெட்டிய மட்டும் திரும்ப உள்ள வைக்கணும் மாப்பிள்ளை."

நல்ல கனம். நான்தான் தூக்கினேன்.