சக்கரத்துக்கு அடியில் வைக்க வேண்டியது

நான் பிறவிச் சந்தேகப்பிராணி. டீக்கடையில் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் குடித்ததில்லை. அப்பேர்ப்பட்டவன், விமானப் படைப் பயிற்சியில் முதன்முதலாகத் தனியாகப் பறந்த நாளில், சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆளை விட்டுவிட்டேன். (வேறு யார், நான்தான்.)

அப்பாவுக்குத் தூத்துக்குடி துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றும் லாரிகள் உண்டு. புது லாரி வந்தால், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் அம்மா அதைத் தெருவைத் தாண்ட விடமாட்டாள். மகன் ஓட்டப்போவதும் சக்கரம் உள்ள வண்டிதானே! மக்ரூன் டப்பாவோடு, குங்குமம் வைத்த பழம் ஒன்று பார்சலில் வடக்கே வந்து சேர்ந்தது.

அத்தனை பேர் முன்னால் சக்கரத்தடியில் வைக்க வெட்கம். வைக்காமல் போகப் பயம். பறக்கும் உடுப்பின் முழங்கால் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். விமானத்தைச் சரிபார்த்த டெக்னீஷியன் வயதில் மூத்த பஞ்சாப்காரர். அவர் பார்த்த ஒவ்வொன்றையும் நான் மறுபடி தட்டிப் பார்த்தேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பே எனக்குச் சரியாகப் படவில்லை.

மேலே போனதில் குறையில்லை. இறங்கும்போது ஓடுபாதையில் மூன்று தடவை குதித்தேன். நான்காவது தடவை தரை தொட்டதும் வலது பெடலை மிதித்தால், அசையவே இல்லை. விமானம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு புல்லுக்குள் பாய்ந்து, முன்சக்கரம் முறிந்து, மூக்கை மண்ணில் ஊன்றி நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

விசாரணை வைத்தார்கள். என் தப்பு என்றானால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பயத்தில், டெக்னீஷியன் பெடலைச் சரியாகப் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதை வாசிக்கக் கேட்டு அவர் முகம் செத்துப்போனது.

அதிகாரி ஒரு பிளாஸ்டிக் உறையை மேசைமேல் வைத்தார். பெடலுக்கு அடியில் சிக்கிக் கிடந்ததாம். நசுங்கிய எலுமிச்சம்பழம். பாக்கெட்டின் ஜிப்பை நான் மூடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அப்படியும், டெக்னீஷியன் மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்ததாக இருக்கும் என்றேன். (வெட்கங்கெட்டவன்.)

அதிகாரி உறையைத் திருப்பினார். மறுபக்கம் குங்குமம். பஞ்சாபில் எலுமிச்சைக்குப் பொட்டு வைத்துத்தான் சாப்பிடுவார்களா என்று நிதானமாகக் கேட்டார்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். டெக்னீஷியனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு மாதம் பறக்க விடாமல் தரையில் உட்கார வைத்துவிட்டு, கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். அன்றைக்கு நான் ஏறுமுன் டெக்னீஷியன் வந்து என் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். அதே சிரிப்பு. இந்தத் தடவை ஒழுங்காக இறங்கினேன்.

அம்மாவுக்குப் போனில் சொன்னேன். பதறுவாள் என்று பார்த்தால், கோபப்பட்டாள்.

"ஏலே, சக்கரத்துக்கு அடியில வையின்னுதான சொன்னேன்? உன் காலுக்கு அடியில வைக்கவா சொன்னேன்?" கொஞ்சம் கழித்து, "எப்படியோ பழம் நசுங்கிட்டுல்லா. அதான் நீ முழுசா இருக்க" என்றாள்.

இப்போதும் லீவில் ஊருக்குப் போனால் அம்மா லெமன் ஜூஸ் போட்டுக் கொண்டுவருவாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லுவார்:

"ஏளா, டம்ளரை அவன் கையிலயே கொடு. கீழ வச்சிராத. மிதிச்சிருவான்."