கழுவக் கூடாத குடம்

குடத்தய்யாவின் குடம் கழுவப்பட்டதே இல்லை. அதுதான் அதன் பெருமை. நாமெல்லாம் பாத்திரத்தைக் கழுவாமல் வைத்திருந்தால் வீட்டில் திட்டு வாங்குவோம்; அவர் வைத்திருந்தார், ஊரே வந்து காலில் விழுந்தது.

ஏதோ ஒரு குகையில் கிடைத்த குடமாம். உள்ளே கைவிட்டுத் தடவினால் வழவழவென்று ஒரு தோல். அதற்கு 'உயிர்த்தோல்' என்று பேர் வைத்திருந்தார். குடத்துத் தண்ணீரை வாங்கிப்போய் வீட்டுக் கிண்ணத்தில் ஊற்றி, கழுவாமல் வைத்தால், அங்கேயும் தோல் வளரும் என்றார். வளர்ந்தது! எல்லார் வீட்டிலும் வளர்ந்தது! கழுவாத கிண்ணத்தில் வேறென்ன வளரும் என்று கேட்க மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை. அந்தத் தண்ணீரை ஊற்றினால் புண் மூடிவிடும், வீக்கம் வடிந்துவிடும் என்பார். மனிதருக்கும் அதே தண்ணீர், மாட்டுக்கும் அதே தண்ணீர். ஐயாவிடம் பாரபட்சமே கிடையாது.

வரிசையில் முதல் ஆளாக நிற்பவள் சலவைக்கடைக்காரி. சட்டைக் கழுத்தில் நூலளவு அழுக்கு தெரிந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவள் வீட்டில் ஒரு கிண்ணத்தை மட்டும் கழுவாமல் காத்தாள். காரணம், புருஷனின் கால். சர்க்கரை நோய்க்காரர்; இஸ்திரிப் பெட்டி விழுந்த புண் ஆறவே இல்லை. கால் போய்விடுமோ என்ற பயத்தில் அவளுக்குப் புத்தி பாதி போயிருந்தது. மீதியை ஐயா வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கட்டும் மாத்திரையும் நின்றன.

நாத்தனார் மாட்டு டாக்டர். அண்ணனைப் பார்க்க வந்தவள், கட்டைப் பிரித்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, இதுல என்னத்த ஊத்துறீங்க?"

"உயிர்த்தோல் தண்ணி. பாரு, புண்ணு மேல தோல் மூடிடுச்சு!"

"ஐயோ, அது தோல் இல்ல அண்ணி. கிருமிங்க கூட்டமா சேர்ந்து மேல பசை பூசிக்கிட்டு உக்காந்திருக்கு. தனித்தனியா இருந்தா மருந்து கொன்னுடும். இப்படி ஒட்டிக்கிட்டா மருந்து உள்ள போகாது. இந்தத் தண்ணியில மடி கழுவின மாடெல்லாம் வீங்கிப்போய் என்கிட்டதான் வருது."

"நீ மாட்டைப் பாரு. என் புருஷனை ஐயா பாத்துக்குவார்."

"சரி, ஐயாவையே கேப்போம். கண்ணைக் கட்டினாலும் தன் தோல் எதுன்னு விரலே சொல்லிடும்னு பேசுறாராமே? உங்க கிண்ணத்தைக் கொஞ்சம் கொடுங்க."

மறுநாள் காலை கூட்டத்தின் நடுவே அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் கிண்ணங்கள் வந்தன. நாத்தனார் ஐயாவின் கண்ணைக் கட்டினாள். ஊர் பார்க்கிறதே, மறுக்க முடியுமா? ஐயா முதல் கிண்ணத்தைத் தடவினார். முகம் சுளித்தார்.

"இது போலி. இதுல என் தண்ணியே பட்டதில்ல. வச்சவங்களுக்குப் பக்தி பத்தாது."

இரண்டாவதில் விரல் பட்டதும் ஐயாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"ஆகா! இதுதான் என் தோல்! முத்தின அருள்!"

கூட்டம் கைகூப்பியது. சலவைக்கடைக்காரி மட்டும் கூப்பவில்லை. போலி என்று அவர் தள்ளியது அவளுடைய கிண்ணம். வெயிலில் வரிசையில் நின்று, அவர் கையாலேயே வாங்கி ஊற்றிய தண்ணீர். அவளுக்கா பக்தி பத்தாது?

"அப்போ அந்த இன்னொண்ணு யாரோடது?" என்றாள்.

நாத்தனார் சீட்டியடித்தாள். அவளுடைய மாட்டாஸ்பத்திரி நாய் வாலாட்டிக்கொண்டு ஓடிவந்து, அருள் முற்றிய கிண்ணத்தில் வாயை வைத்து நக்கத் தொடங்கியது. "இவனோடதுதான். வெறும் குழாய்த் தண்ணி. கழுவாம விட்டது நான்."

ஐயா கண்கட்டை அவிழ்த்தார். அவரா அசருவார்?

"அருள் நாய்க்கும் இறங்கும்!"

நம்புங்கள், பாதிக் கூட்டம் தலையாட்டியது.

"சரிங்க ஐயா," என்றாள் சலவைக்கடைக்காரி. "நீங்களும் அதுல ஒரு வாய் குடிச்சிடுங்க."

ஐயா கிண்ணத்தைப் பார்த்தார். நாய் ஐயாவைப் பார்த்தது, கொஞ்சம் நகர்ந்து இடம்கூட விட்டது. ஐயாவுக்குத் திடீரென்று உபவாசம் ஞாபகம் வந்தது. அவள் விடவில்லை. மடியிலிருந்து தேய்க்கும் நாரை எடுத்தாள், குகைக் குடத்துக்குள் கைவிட்டு இழுத்துத் தேய்த்தாள். உயிர்த்தோல் சுருண்டு தரையில் விழுந்தது. ஊரைக் கூட்டியது இந்தக் கைப்பிடி அழுக்குதான். அதை எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஐயாவைக் காணவில்லை.

அன்றைக்கே புருஷனை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். புண்ணைச் சுரண்டிக் கழுவினார்கள். அவர் போட்ட கூச்சல் தெருவரை கேட்டது. கால் தப்பியது. கொஞ்சம் தாமதித்திருந்தால் தப்பியிருக்காது என்று டாக்டர் சொன்னபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த வாரம் சலவைக்கடைக்கு ஒருவர் வந்தார். துணி கொண்டுவரவில்லை. குரலைத் தாழ்த்தி, "உங்க நாத்தனார்கிட்ட இருக்கே, அந்த நாய்... அது எத்தனை மணிக்குத் தரிசனம் தரும்?" என்றார்.

சலவைக்கடைக்காரி நாரை எடுத்து நீட்டினாள்.

"பாத்திரத்துக்காங்க?"

"இல்ல. தலைக்கு. உள்பக்கமா தேய்ங்க."