பாடாத பெண்ணுக்கு ஒரு பேஞ்சோ

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குக் கோபம் வராது என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாக வரும். வெளியே போக வழி தெரியாமல் உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். ஆரணி பஸ் நிலையத்துக்கு எதிரே கேசட் கடை வைத்திருந்த ஒரு மனிதர் மேல் எண்பதுகளில் எனக்கு வந்த கோபம் இன்னும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. (அவர் கடையை மூடிக்கொண்டு எங்கோ போய்விட்டார். கோபம் போகவில்லை.)

அப்போது என்னைப் பெண் பார்த்த இரண்டு வீட்டார் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு வீட்டாரும் கேட்டது ஒரே கேள்வி: "பொண்ணு பாடுமா?" சமைக்குமா என்று கேட்டால் நியாயம். அப்பாவின் தறிக்கு நாள் முழுக்க நூலைத் தார்க்குச்சியில் சுற்றிப் போடுகிறேனே, அதைக் கேட்டாலும் நியாயம். பாட்டு எதற்கு? இவர்கள் வீட்டில் தினமும் கச்சேரியா நடக்கிறது? இதையெல்லாம் நான் மனதுக்குள்தான் கேட்டேன். இரண்டு தடவையும் பாடுவதற்கு வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. "ஊமைங்களா?" என்று ஓர் அம்மாள் என் எதிரிலேயே கேட்டுவிட்டுப் போனார். மூன்றாவது இடமும் தட்டிப்போனால் தங்கைக்கு முதலில் முடித்துவிடலாம் என்று அப்பா பேச ஆரம்பித்திருந்தார்.

"வாயத் தொறந்தாத்தானே பேஜாரு? கையால வாசிக்கட்டும்" என்றான் அண்ணன். எங்கிருந்தோ ஒரு பழைய பேஞ்சோவைக் கொண்டுவந்தான். நீளமான பெட்டி, மேலே டைப்ரைட்டர் மாதிரி பொத்தான்கள். ஒரு கையால் பொத்தானை அழுத்தி, இன்னொரு கையால் தந்தியைச் சுரண்ட வேண்டும். சொல்லித்தர வாத்தியார் வேண்டாம், பாடமே கேசட்டில் இருக்கிறது என்றான். அந்தக் கேசட்டை வாங்காமல், பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தக் கடைக்காரரிடம் நகல் எடுத்து வந்தான்.

கேசட் வாத்தியார் கண்டிப்பானவர். "என்ன கேட்கிறதோ, அதை அப்படியே வாசியுங்கள்" என்பார். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். வாத்தியார் சொன்னதை மீறிப் பழக்கமில்லை.

அதில் ஓர் அம்மன் பாட்டு. பல்லவி முடிகிற இடத்தில் திடீரென்று ஒரு துள்ளல் வரும்: பாம், பபாம், பபாம். அந்த ஒரு துள்ளலுக்காக என் விரல்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அது கைக்கு வந்த அன்று அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "அந்த எடந்தாண்டி ஜோரா கீது!" என்றாள். பல்லவியை இரண்டாம் தடவை வாசிக்கும்போது வாத்தியார் அந்த இடத்தை விட்டுவிடுவார். மறந்துவிட்டார் போலும் என்று அவரைத் திருத்தி, நான் இரண்டு தடவையும் சேர்த்து வாசித்தேன். (திமிர்.)

மூன்றாவது வீட்டார் வந்தவாசியிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, சித்தப்பா. சித்தப்பா கேசரியை முடித்த கையோடு சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

"பொண்ணு பாடுமா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"பாடாதுங்க. வாசிக்கும்" என்றான் அண்ணன், கலெக்டர் உத்தியோகம் கிடைத்த மாதிரி.

பல்லவி சுத்தமாக வந்தது. பெருமையோடு துள்ளலை வாசித்தேன். பாம், பபாம், பபாம்.

சித்தப்பா விழித்துத் துள்ளி எழுந்தார். மஞ்சள் பையைப் பிடுங்கிக்கொண்டு, "ஏய், வண்டி எடுத்துட்டான்! ஜல்தி வாங்க!" என்று வாசலுக்கு ஓடி, ஒரு காலில் செருப்பும் மாட்டிவிட்டார்.

"சித்தப்பா, வண்டி இல்ல. பொண்ணு" என்றார் மாப்பிள்ளை.

"ஆமாண்டா, காலைல நாம வந்த பஸ்ஸு ஹாரனேதான்!" என்றார் அவர் அம்மா.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நிறுத்தவும் தெரியவில்லை. பல்லவியை இரண்டாம் தடவையும் வாசித்து, துள்ளலையும் வாசித்தேன்.

"இன்னாம்மா, ரைட்டு குடுத்துட்டியா?" என்று அந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அண்ணன் அப்போதுதான் மெல்ல வாயைத் திறந்தான். "ஒயர் போச்சுன்னு கடக்காரரு ரெண்டு டேப்ரெக்கார்டரையும் எதிரெதிரா வெச்சித்தான் எடுத்தாரு. வெளிய வந்தவாசி வண்டி ஹாரன் அடிச்சிகினு நின்னுகினு இருந்திச்சி..."

நாங்கள் யாரும் அந்த வண்டியில் போனதே இல்லை, அதன் ஹாரன் எங்களுக்கு எப்படித் தெரியும்? அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தங்கை சிரிப்பது கேட்டது. அவளுக்கென்ன, அடுத்த முறை அவளுடையது.

"இன்னொரு வாட்டி வாசிக்கச் சொல்லுங்களேன்" என்றார் மாப்பிள்ளை, சிரிப்பை அடக்க முடியாமல்.

"நீங்க பாடுங்க!"

அந்தக் குரல் என்னுடையது என்று எனக்கே தெரிய ஒரு நிமிஷம் ஆனது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றுவிட்டது.

"வந்தவங்க எல்லாரும் பொண்ணு பாடுமா, பொண்ணு பாடுமான்றீங்க. ஒரு மாப்ளயாவது பாடிக் காட்டினாரா? நீங்க பாடுங்க, பாக்கலாம்!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "என்னிய ஏன்டா பாக்கற? அது கேக்குதில்ல, பாடு" என்றார்.

பாடினார். இரண்டு வரி. எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம்கூட அதைவிட இனிமையாக இருக்கும். மூன்றாவது வரி தெரியாமல் நின்றார்.

வாசலில் ஒற்றைச் செருப்போடு நின்றிருந்த சித்தப்பா சொன்னார்: "இதுக்கு அந்த பஸ்ஸே மேலு."

கிளம்பும் முன்பே சம்மதம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் என் கணவர் இந்தக் கதையைச் சொல்லுகிறார். அவர் கதையில் சித்தப்பா தெருமுனை வரை ஓடுவார். ஹாரன் நாலு தடவை அடிக்கும். கடைசியில், "பாவமா இருந்திச்சி, சரின்னுட்டேன்" என்று முடிப்பார். அவர் பாடிய இரண்டு வரி மட்டும் வராது. நானும் ஓர் ஓரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன வருஷம் எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அத்தை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணு பாடுமா?" என்றார். நான் அடுப்படியிலிருந்து கரண்டியோடு கிளம்பினேன். அதற்குள் கூடத்தில் என் கணவரின் குரல் கேட்டது.

"மொதல்ல பையன் பாடட்டுங்க. அதான் எங்க வூட்டு வழக்கம்."

வழக்கமாம்! அதை ஏற்படுத்தியதே தான்தான் என்பது போல ஒரு முகம் வேறு.