தலை மட்டும் ஆடும் பொம்மை

அநியாயம் செய்யப்பட்டவர் என் அப்பா சந்திரசேகர். செய்தவர் என் அம்மா கௌரி. செய்தது இது: ஏற்காடு மலையில், கொட்டச்சேட்டில் இருக்கும் எங்கள் வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கி, அப்பாவின் அறையைச் சனி, ஞாயிறுகளில் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டது. அப்பா தானே நின்று பார்த்துப் பார்த்துக் கட்டிய அறை. அதில் எவனோ போர்வைக்குள் படுத்தபடி மூடுபனியைப் போட்டோ எடுக்கிறான். அப்பா குடோனில், காப்பி மூட்டைகளுக்கு நடுவில், இன்னொரு மூட்டையாகக் கிடக்கிறார்.

நான் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி அரசியல் அறிவியல் எம்.ஏ. படிக்கிறேன். குடிமக்கள் உரிமை பற்றி வகுப்பே வாயடைக்கும்படி பேசிவிட்டுச் சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்தால், குடிமகன் குடோனில் தும்மிக்கொண்டிருக்கிறார். வயிறு எரியாதா?

"அப்பா, ரூமைத் திருப்பிக் கேளுங்க."

"கேக்கலாந்தான் கண்ணு."

"எப்போ?"

"அவ ஊட்டுல இல்லாதப்ப."

இந்த மனிதரை வைத்துக்கொண்டு எப்படிப் போராடுவது? யோசித்தேன். அம்மா விருந்தாளிகள் முன்னால் ஒருபோதும் குரலை உயர்த்தமாட்டாள். அங்கே அவள் தேன். ஆகவே விருந்தாளிகள் முன்னால் கேட்க வேண்டும். அப்பாவுக்கு வாய் கிடையாது. ஆகவே கையால் கேட்க வேண்டும். பொம்மலாட்டம்! கணவன் பொம்மை ஒன்று, மனைவி பொம்மை ஒன்று. கணவன் இரண்டு கைகளையும் தூக்கி "என் ரூம் எனக்கு வேணும்" என்று முழங்குவான். கூட்டம் கை தட்டும். தேனால் மறுக்க முடியாது.

"வந்தவங்க கொழந்தைகளுக்கு ஒரு பொழுதுபோக்கு" என்று அம்மாவிடம் சொன்னோம்.

"தாராளமாச் செய்ங்க" என்றாள். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததற்கே நான் பயந்திருக்க வேண்டும்.

எங்கள் இருவருக்கும் ஊசியில் நூல் கோக்கவே வராது. இன்டர்நெட்டில் தையல் மாதிரிப் படம் ஒன்று கிடைத்தது. "ஆரம்பநிலைக்கு ஏற்றது" என்று போட்டிருந்தது. தாளில் அச்செடு, வெட்டு, துணிமேல் வைத்து வரை. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. சேர்த்துத் தை. திருப்பு. கையை விடு. இதிலென்ன இருக்கிறது?

ஏற்காடு ஜெராக்ஸ் கடைக்கு அப்பா போய் வந்தார். கடைக்காரர் நல்ல மனிதர். பெரிய படத்தைச் சின்னத் தாளுக்குள் அடக்கிக் கொடுத்திருக்கிறார். எங்களுக்கு அது தெரியாது. அப்பாவின் பழைய லுங்கியை வெட்டினோம். ஓரத்தில் தையலுக்கென்று துணி விட்டு வெட்ட வேண்டுமாம். விடவில்லை. விரலில் ஊசி குத்தக் குத்த அப்பா தைத்து முடித்தார். திருப்பினோம். கணவன் எலிக்குஞ்சு அளவில் வெளியே வந்தான்.

"விரலை விடுங்கப்பா."

"உட்டுட்டேன் கண்ணு. ஒண்ணுதான் போவுது. கழுத்து வரைக்கும் போச்சு."

"கை?"

"கைக்கு எங்க சாமி எடம்?"

ஆக, கணவனால் கையைத் தூக்க முடியாது. தலையை மட்டும் ஆட்டலாம். மேலும் கீழும்.

மனைவி விஷயத்தில் உஷாரானேன். கடைக்கு நானே போய், அளவு துளி குறையக்கூடாது என்று சண்டை போட்டேன். துணியில் வரையும்போது தையலுக்கு விட்டேன். வெட்டும்போது, நான் மறந்திருப்பேன் என்று அப்பாவும் ஒருமுறை விட்டார். மனைவி என் முழங்கை வரை வந்தாள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணவன் அவளுடைய மூக்குத்தி மாதிரி இருந்தான்.

"வேற ஒண்ணு தெச்சிடலாம்ப்பா."

"வேண்டாங்கண்ணு, நொம்பச் செரமப்பட்டுட்டேன். அதுவுமில்லாம வேற லுங்கி இல்ல."

சனிக்கிழமை சாயங்காலம். சென்னையிலிருந்து வந்த ஹரிஹரன் குடும்பம் கூடத்தில் உட்கார்ந்தது. அம்மா எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாள். மேஜைக்குப் பின்னால் நானும் அப்பாவும் குந்தியிருந்தோம்.

என் பொம்மை கேட்டாள்: "ஏனுங்க, உங்களுக்கு என்ன கொறை? தைரியமாச் சொல்லுங்க."

நான் அப்பாவின் விலாவில் இடித்தேன்.

"குடோன்ல... படுத்துக்கறனுங்க" என்றான் கணவன், அப்பாவின் மிச்சக் குரலில். "காப்பி மூட்டைக்கு நடுவுல. மிளகு வாசம் மூக்குல ஏறுது. ஓட்டுச் சந்துல பனி எறங்குது."

கூட்டம் உருகியது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"காப்பி மூட்டைக்கு நடுவுலயா!" ஹரிஹரன் எழுந்தே விட்டார். "மிளகு வாசத்தோட! இதை ஏங்க எங்ககிட்ட முதல்லயே சொல்லல? அடுத்த வாரம் என் தம்பி குடும்பமும் வருது. அவங்களுக்கு அந்த குடோனைக் குடுங்க."

அம்மா நிதானமாக வந்தாள். என் கையிலிருந்து மனைவியை உருவித் தன் கையில் மாட்டிக்கொண்டாள். அவளுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. எலிக்குஞ்சின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"ஏனுங்க, வந்தவங்க ஆசப்பட்டுக் கேக்கறாங்க. குடோனையும் குடுத்துடலாங்களா?"

உள்ளே மாட்டிய விரலுக்கு வேறு என்ன தெரியும்? பொம்மை தலையை ஆட்டியது. மேலும் கீழும். கைதட்டல் ஓட்டைத் தூக்கியது.

விருந்தாளிகள் சாப்பிடப் போனதும் சமையலறை வாசலை மறித்தேன்.

"அம்மா, இது சம்மதமே இல்ல! அந்தப் பொம்மையால மாட்டேன்னு சொல்லவே முடியாது. மறுக்க வழியில்லாதவன் ஆட்டுன தலை எந்த நியாயத்துல செல்லும்?"

"செரி."

"என்ன செரி? அப்பா எங்க படுப்பாரு? அதுக்குப் பதில் சொல்லிட்டுப் போ."

அம்மா சப்பாத்தித் தட்டை என் கையில் கொடுத்தாள். கன்னத்தைத் தட்டினாள். விருந்தாளிகளுக்கென்றே வைத்திருக்கும் அந்தத் தேன் குரலில் சொன்னாள்:

"உன்ர ரூம்லதான் சாமி. இனிமே சனி, ஞாயிறு நீ ஆஸ்டல்லயே இருந்துக்க."