அப்பா ஒற்றைக் கண்ணால் பார்த்த பிரான்ஸ்

"ஒப்பிரேசன் செய்தது இடக் கண். பிளாஸ்ரர் ஏன் வலக் கண்ணிலை கிடக்கு?"

அம்மா இதைப் பிரான்சில் ஒரு கோட்டை மதிலில் சாய்ந்துகொண்டு கேட்டா. அப்பா மல்லாவியில் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் இருந்தார். நடுவில் போன், சீனிப் பேணியில் சாய்த்து வைத்தபடி.

அப்பா வலக் கண்ணைத் தடவிப் பார்த்தார். பிளாஸ்ரர் அங்கேதான் இருந்தது. காலையில் முகம் கழுவக் கழற்றியதை அவசரத்தில் பக்கம் மாற்றி ஒட்டிவிட்டார்.

உண்மையை இப்போதே சொல்லிவிடுகிறேன், இழுத்தடிக்க எனக்குப் பொறுமை இல்லை. ஒப்பிரேசன் நடக்கவில்லை. எந்தக் கண்ணிலும் நடக்கவில்லை.

"போன் அப்பிடித்தான் காட்டும். இடம் வலம் மாத்தி" என்றார் அப்பா.

"அப்ப நேற்றும் மாத்தித்தானே காட்டியிருக்கும்."

அப்பா தண்ணீர் குடித்தார். குடித்து முடிக்கும்போது அவருக்கு ஒரு டொக்டர் கிடைத்துவிட்டார். "டொக்டர்தான் சொன்னவர். நல்ல கண்ணை மூடி வைச்சால்தானாம் புதுக் கண் பழகும்."

அம்மா மதிலில் சாய்ந்ததை விட்டு நிமிர்ந்தா. கோட்டையில் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, நல்லதாய்ப் போச்சு, அந்தப் புதுக் கண்ணாலேயே பார்த்து எனக்குப் பின்னால் என்ன தெரியுது என்று சொல்லுங்கோ என்றா.

அப்பாவின் இடக் கண்ணில் ஒன்றரை வருசமாக வெண்புரை. அந்தக் கண்ணுக்குப் பால் தேத்தண்ணியும் பிளேன்ரீயும் ஒன்றுதான். போன மாசம் அந்தப் பக்கமாக வந்த மாட்டைக் காணாமல் மோட்டார்சைக்கிளை வாய்க்காலுக்குள் விட்டவர். மாடு நின்று பார்த்துவிட்டுப் போனது.

"மலை" என்றார் அப்பா.

"ஆறு."

"ஆத்துக்குப் பக்கத்திலை மலை எண்டு சொல்ல வந்தனான்."

அப்படித் தொடங்கியது வில்லங்கம்.

நான் சுதாஜினி. உயர்தரச் சோதனை இரண்டு தரம் எழுதினேன். மூன்றாம் தரம் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டில் நிற்கிறேன். அதனால் எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கொஞ்சம் கூட்டுச் சேர்ந்தும் இருந்தேன்.

அம்மாவின் தம்பி, கிருசாந்தன் மாமா, பிரான்சில் சார்லா என்ற ஊரில் சமையற்காரர். பாரிசுக்குப் பக்கமில்லை. ஆறும் காடும் வால்நட் தோட்டமும் உள்ள நாட்டுப்புறம். நடக்கிற தூரத்துக்கு ஒரு பழைய ஊர், ஏறுகிற உயரத்துக்கு ஒரு கோட்டை. அம்மாவை ஒரு மாசம் வந்து நிற்கச் சொல்லி ரிக்கெற் போட்டார். விசாவும் வந்தது. வந்த பிறகுதான் பார்த்தால், வவுனியா ஆசுபத்திரியில் அப்பாவின் கண் ஒப்பிரேசனுக்குக் குறித்த நாள் அந்த மாசத்துக்குள் விழுந்திருந்தது.

அம்மா போக மாட்டேன் என்றா. அப்பா விடவில்லை. நீர் போம், நான் என்ன குழந்தைப்பிள்ளையே, தனியப் போய்ச் செய்துகொண்டு வாறன் என்று நெஞ்சில் அடித்துச் சொன்னார். அவ்வளவு வீரமாக அப்பா கதைத்து நான் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை. அதுதான் பிழையாய்ப் போனது. ஆனால் அது பிறகு தெரிந்தது.

அம்மா ஏறிய விமானம் மேகத்துக்குள் போகமுதல் அப்பா என்னிடம் திட்டத்தைச் சொன்னார். ஒப்பிரேசன் நாளன்று பையோடு பஸ் ஏறினார். வவுனியா வரை போகாமல் மாங்குளத்தில் இறங்கினார். அங்கே அவருடைய கூட்டாளி வீரையா மாமா வீட்டில் ஆட்டிறைச்சியும் புட்டும் சாப்பிட்டார். பின்னேரம் கறுப்புக் கண்ணாடியும் பிளாஸ்ரருமாக வந்து, பக்கத்து வீட்டு நிரோஜா அக்கா பார்க்கும்படி படலையில் நின்று மெதுவாக இருமினார். கண்ணுக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். நோயாளி என்றால் ஒரு முழுமை வேண்டும் என்றார்.

நான் வவுனியாவுக்குப் போய் அழகுக்கலை படிக்க அம்மாவிடம் எனக்காகக் கதைப்பதாகச் சொன்னார். அதனால் நான் வாய் திறக்கவில்லை.

ஆனால் ஒப்பிரேசன் செய்யாத மனிசனுக்கும் பத்தியம் உண்டு என்பதை அவர் யோசிக்கவில்லை. பிரான்சில் இருந்து கட்டளைகள் வந்தபடி இருந்தன. தலைக்கு வார்க்கக் கூடாது. குனியக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. மோட்டார்சைக்கிள் தொடக் கூடாது. நண்டு, இறால், கத்தரிக்காய், தக்காளி, நாலும் கடிக்கும், அரிக்கும், கூடாது. எல்லாவற்றிலும் பெரிது, வயல் தூசு கூடாது. சிறுபோக அறுவடை நேரம் அது. அறுவடையைப் பார்க்கப் பெரியம்மாவின் மகன் யதுர்ஷனை அம்மா ஒழுங்கு செய்திருந்தா. வெட்டு மெசின் எங்கள் வயலில் உறுமுகிற சத்தம் வீட்டுக்குக் கேட்கும். அப்பா வேலிக்கும் படலைக்கும் நடந்தார். படலையைத் தாண்டினால் நிரோஜா அக்கா அம்மாவுக்குப் போனில் வொயிஸ் பேசி அனுப்புவா. அக்கா அதை ஒரு உத்தியோகமாகவே எடுத்திருந்தா.

சனம் வேறு பார்க்க வந்தது. அப்பிள், மாரி பிஸ்கற், நெஸ்ரமோல்ற் சத்துமா. சனத்துக்கு இடக் கண்ணில் பிளாஸ்ரர். மத்தியானம் ஒன்றரைக்கு, அங்கே காலை பத்து மணிக்கு, அம்மா எடுக்கும்போது வலக் கண்ணில் பிளாஸ்ரர். ஒருநாள் மாற்ற மறந்துபோய் நிரோஜா அக்காவின் முன்னால் வலக் கண்ணோடு வந்து நின்றார். ரெண்டும் செய்ததோ என்று அக்கா கேட்டா. ரெண்டும்தான் என்றார். அடுத்த நாள் இரட்டிப்பு அப்பிள் வந்தது.

சரி, பிரான்சுக்கு வருகிறேன்.

எங்கே எங்கே எந்த நாள் போவது என்று மாமா ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். அப்பா அதைப் பாடமாக்கினார். நான் இரண்டு தரம் சோதனைக்குப் படித்ததைவிடக் கவனமாகப் படித்தார். போதாததற்கு மேசைக்குக் கீழே என்னுடைய கால். கமராவுக்குப் படாமல் பக்கத்தில் இருப்பேன். ஒரு உதை என்றால் கோட்டை. இரண்டு, தேவாலயம். மூன்று, ஆறு. நாலு, குகை.

அதற்குப் பிறகு முதல் இரண்டு நாளும் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் அம்மா பட்டியலைக் கைவிட்டா. மாமாவின் வேலை நேரம் மாறிவிட்டதாம். குகைக்குப் போக வேண்டிய நாள் சார்லாவின் பழைய சந்தைச் சதுக்கத்தில் போய் நின்றுகொண்டு, என்ன தெரியுது என்றா. அங்கே வெண்கலத்தில் மூன்று வாத்துச் சிலை. வாத்துக்கு எங்களிடம் உதை இல்லை. நான் சும்மா இருந்தேன்.

"ஆக்கள் நிக்கினம்" என்றார் அப்பா.

"எத்தினை பேர்?"

"மூண்டு பேர்."

"மூண்டு வாத்து."

"கட்டையாய் இருக்கினம் எண்டுதான் நானும் யோசிச்சனான்."

அம்மா சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் லா றொக் கஜாக். பெயரைச் சொல்ல அம்மாவுக்கு மூன்று தரம் தேவைப்பட்டது. ஆற்றங்கரையில் ஒரு செங்குத்துப் பாறை, பாறையோடு ஒட்டிக்கொண்டு வீடுகள், மஞ்சள் கல்லில். நான் மூன்று தரம் உதைத்தேன், அப்பா ஆறு என்றார், சரி. பிறகு அம்மா ஒரு சின்னப் பாதையால் ஏறிப் போய், இஞ்சை பாருங்கோ வாழை நிக்குது என்றா. குளிர்நாட்டில், பாறைக்குக் கீழே, உண்மையாகவே வாழை.

அப்பா கமக்காரன். முப்பது வருசம் இந்த மண்ணில் வாழையும் நெல்லும் வைத்தவர். அவரால் பொறுக்க முடியவில்லை. குலை போட்டிருக்கோ என்று கேட்டபடி, பெருவிரலால் பிளாஸ்ரரின் ஒரு மூலையைத் தூக்கி நல்ல கண்ணால் பார்த்தார்.

நான் கண்டேன். அம்மாவும் கண்டிருப்பா. ஆனால் அவா போனை மெதுவாக ஆற்றுப் பக்கம் திருப்பி, தோணிகள் போகிறதைக் காட்டினா. அன்று பின்னேரம் புதுக் கட்டளை வந்தது. இனி மீனும் கூடாது. பருப்பும் சொதியும் மட்டும்.

சனிக்கிழமை றொக்கமதூர். மலையைக் குடைந்து கட்டியதுபோல ஒரு ஊர், உச்சியில் கோவில்கள். இருநூற்றுப் பதினாறு படி. அந்தக் காலத்தில் நேர்த்திக்காரர் முழங்காலில் ஏறினவையாம். அம்மா காலால் ஏறினா. மாமா பாதியில் இருந்துவிட்டார். மேலே சின்னத் தேவாலயத்தில் கறுத்த மாதா. கூரையில் சின்னச் சின்னக் கப்பல்கள் தொங்குது என்றா. கடலே இல்லாத ஊரில் கடலோடிகளின் நேர்த்தி. உங்கடை கண்ணுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினனான் என்றும் சொன்னா. அப்பா முற்றத்துப் பூவரசம் மரத்தைப் பார்த்தார்.

வெளியே வந்து மதிலோடு நின்று அம்மா போனை நேராகப் பிடித்தா.

"இஞ்சருங்கோ. இப்ப என்ரை கையிலை என்ன இருக்கு?"

அப்பா என் காலுக்காகக் காத்திருந்தார். நான் திரையைப் பார்த்தேன். காலைக் கதிரைக்குக் கீழே மடக்கிக்கொண்டேன்.

அப்பாவுக்குப் பட்டியல் ஞாபகம் வந்தது. றொக்கமதூர் உச்சியில் கோட்டை.

"கோட்டை."

"என்ரை கையிலை எண்டு கேட்டனான்."

"கோட்டைப் படம்."

"கிளினிக் கொப்பி" என்றா அம்மா. "உங்கடை."

எங்கள் பக்கத்தில் கிளினிக்குக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி உண்டு. டொக்டர் எழுதுவதெல்லாம் அதில்தான். கொப்பி இல்லாமல் வரிசையில் நிற்கவே ஏலாது. அப்பாவின் கொப்பிக்கு மண்ணிறக் கடதாசியில் உறை போட்டு, செல்வநாயகம் என்று பெயர் எழுதியது நான்தான். அது இப்போது பிரான்சில், இருநூற்றுப் பதினாறு படிக்கு மேலே நின்றது.

அப்பா கறுப்புக் கண்ணாடியைத் தேடிப் போட்டார். இருண்ட இடத்தில் ஒளிக்கிற மாதிரி.

அம்மா சத்தம் போடவில்லை. கணக்காகச் சொன்னா. "நான் வெளிக்கிட முதல்நாள் ஆசுபத்திரியாலை எனக்கு எடுத்தவை. திகதி தள்ளிப் போட்டுதாம், நான் திரும்பி வந்த பிறகுதான் வருதாம். அதைச் சொல்லுவம் எண்டு வந்தால், நீங்கள் என்ரை பெட்டியை அடுக்கிக்கொண்டு நிக்கிறியள். இருவத்தாறு வருசத்திலை ஒரு சட்டை மடிக்காத மனிசன். அப்பதான் கொப்பியை எடுத்துக் கைப்பைக்குள்ளை வைச்சனான். போற ஆள் எண்டால் கொப்பியைத் தேடும். தேடினால் எனக்கு எடுக்கும். நீங்கள் எடுக்கேல்லை."

"அப்ப இந்த ஒரு கிழமையா?"

"ஒரு கிழமையா உங்களுக்குப் பத்தியம்."

அறுவடை மெசின் தூரத்தில் உறுமியது. அப்பா கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சின்னக் குரலில், கண்ணைக் கழட்டிக் கோப்பையில் வைத்துக் கழுவித்தான் திரும்பப் போடுவார்களாம் என்றார்.

"ஆர் சொன்னது?"

"வீரையா."

"வீரையா அண்ணைக்குச் செய்ததோ?"

"இல்லை. அவன் பயத்திலை ஓடி வந்திட்டான்."

அம்மாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. வந்து, நின்றது. "தம்பி வாற வருசம் ரெண்டு பேரையும் வரச் சொல்லுறான். நான் பாத்ததை எனக்குத் திரும்பப் பாக்கத் தேவையில்லை. உங்களுக்குக் காட்டத்தான் ஆசை. ஆத்தை மலை எண்டுற மனிசனை இந்தப் படியெல்லாம் கூட்டிக்கொண்டு ஏறி நான் என்னத்தைக் காட்ட?"

ஆசுபத்திரிக்குப் போவோம் என்று அப்பா தலையை ஆட்டினார். கண் சுகமாகும் என்பதற்காகவா, சொதி முடியும் என்பதற்காகவா தெரியாது.

அம்மா செவ்வாய் வந்தா. ஒப்பிரேசன் வியாழன். கொப்பியோடு மூன்று பேரும் விடிய வவுனியா பஸ் ஏறினோம். ஊரில் பாதிச் சனம் அந்த பஸ்சில்தான் இருந்தது. இரண்டு கண்ணும் ஒப்பிரேசன் செய்த மனிசன் என்று எழும்பி அப்பாவுக்கு இடம் விட்டார்கள். திரும்பக் காட்டப் போறியளோ என்று நிரோஜா அக்கா கேட்டா. ஓம், சும்மா ஒருக்கால் காட்ட என்றார் அப்பா. ஒருவர் அவர் மடியில் ஒரு அப்பிளும் வைத்தார்.

அந்தப் பிளாஸ்ரரைக் கழட்டுங்கோ என்று அம்மா றொக்கமதூரிலிருந்தே சொன்னவா. படலையில் வைத்தும் சொன்னா. மாங்குளம் வரும் மட்டும் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தா.

அப்பா கழட்டவில்லை.