சிவப்பு அப்சோர்பரும் என்னைப் பெண் பார்த்த கதையும்

கடினமாக இருப்பதெல்லாம் உறுதியானது என்று இளவயதில் எல்லோரும் நம்புகிறோம். தலையணை வாங்கும்போதே நான் அப்படித்தான் தட்டிப் பார்த்து வாங்குவேன். அதே நம்பிக்கையோடு மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு அப்சோர்பர் வாங்கப் போனதில்தான் என் கல்யாணமே ஒரு பிற்பகல் முழுக்க அந்தரத்தில் தொங்கியது.

தொண்ணூறுகளின் நடுவில் பாயா ரும்புட்டில் எங்கள் வீடு. ஃபாக்டரி வேலைக்குப் போய்வர என்னிடம் ஒரு பழைய கப்சாய் இருந்தது (சின்ன மோட்டார் சைக்கிளுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்). பின்சக்கரத்தின் இருபுறமும் குலுங்கலைத் தாங்கும் அப்சோர்பர்கள் எண்ணெய் ஒழுகிச் செத்துப்போயின. பட்டறைத் தவ்கே (சீன முதலாளி) இரண்டு ஜோடிகளை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு, பார்க்க மழையில் நனைந்த எருமை மாதிரி. இன்னொன்று ரத்தச் சிவப்பு ஸ்பிரிங், பக்கவாட்டில் குட்டி கேஸ் டப்பா வேறு.

"சிவப்பு ரொம்ப கெட்டி லா, தங்கச்சி. பின்னால யாரு உக்காருவாங்க?" என்று மலாயில் கேட்டார்.

"யாரும் இல்ல, தவ்கே."

லிப்ஸ்டிக் வாங்குவதுபோல் நிறத்தைப் பார்த்துச் சிவப்பை வாங்கினேன். ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வளையம் இருக்கும். கொக்கிச் சாவியால் ஒரு பக்கம் திருகினால் இறுகும், மறுபக்கம் திருகினால் இளகும். இனி இறுகாது என்னும்வரை திருகிவிட்டேன். ஓட்டும்போது பற்கள் கடகடத்தன. (வேகம் என்று நினைத்துக்கொண்டேன்.)

அந்த வார ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை குமார் எங்கள் ஃபாக்டரிதான். நாங்கள் இருவரும் எப்போதோ முடிவு செய்துவிட்டோம். பாக்கியிருந்தது தங்கா பத்துவில் இருக்கும் அவர் அம்மாவின் தலையசைப்பு மட்டும்.

மதியம் ஃபோன் அடித்தது. குமார்.

"வேன் கிளேபாங்ல படுத்துருச்சு. நாலரைக்கு ராகு காலம் வந்துருமாம், அதுக்குள்ள தான் மட்டுமாவது வந்து பூ வெச்சிரணும்னு அம்மா நிக்கிறாங்க. யாரையாவது மோட்டார்ல அனுப்பு லா."

அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. அண்ணன் ஐஸ்கட்டி வாங்கப் போனவன் போனவன்தான். நான் பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டேன்.

"பாக்க வர்றவங்கள பொண்ணே போயி ஏத்திட்டு வருவாளா?" என்று அம்மா வாசல்வரை வந்தார். அதற்குள் மல்லிகைப்பூவின் மேல் ஹெல்மெட் ஏறிவிட்டது.

கிளேபாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையோரம் வேன் வாயைப் பிளந்து நின்றது. குமாரும் அவர் அப்பாவும் அதற்குள் தலையை விட்டிருந்தார்கள். அவர் அம்மாவான ஆன்ட்டி மட்டும் ஆப்பிளும் பூவும் வைத்த தட்டோடு நிமிர்ந்து நின்றார். நல்ல ஆகிருதி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயேவா வந்த?"

"ஆமா, ஆன்ட்டி."

பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தார். குழாய் போடத் தோண்டிய சாலை அது. முதல் பள்ளத்திலேயே நேர்காணல் தொடங்கியது.

"உனக்கு ரச... அம்மாடி... ரசம் வெக்... ஐயோ... கத் தெரியுமா?"

பதில் சொல்லுமுன் ஆப்பிள்கள் தட்டைவிட்டுத் தாவிச் சாக்கடைக்குப் போயின. வண்டியை ஓரங்கட்டினேன். ஆன்ட்டி இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் பட்டுப்புடவையோடு சாலையோரம் குந்தி, சீட்டுக்கு அடியில் கிடந்த கொக்கிச் சாவியால் வளையத்தைக் கடைசிவரை இளக்கினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அந்தச் சிவப்பு அழகனுக்கு நடுத்தரம் என்பதே தெரியாது. இப்போது ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த பள்ளம்வரை ஆடியது. அலையில் சிக்கிய சம்பான் படகு தோற்றது. ஆன்ட்டி ரசத்தை மறந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் என் தோளைத் தட்டினார்.

"நிறுத்து. வயித்தப் பொரட்டுது. எறங்கு."

இறங்கினேன். குமாரிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். கண்ணில் நீர் முட்டியது. ஆன்ட்டி தட்டை என் கையில் திணித்தார், புடவையை இழுத்துச் செருகினார், என் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா, ஆன்ட்டி?"

"எஸ்டேட்ல ரெண்டு பக்கமும் ரப்பர் பால் டின்ன கட்டிக்கிட்டு ஓட்டுனவ நான். பின்னால நீ உக்காரு."

உட்கார்ந்தேன். அதன்பின் ஒரு பள்ளத்தைக்கூட அவர் ஒதுக்கவில்லை. வேண்டுமென்றேதான் என்று இன்றும் சந்தேகப்படுகிறேன்.

"இப்ப சொல்லு. ரசம் வெக்கத் தெரியுமா?"

"தெ... ரி... யும்..."

எங்கள் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் கண்டது இதுதான்: வருங்கால மாமியார் கம்பீரமாக வண்டி ஓட்டி வருகிறார். பின்னால் பொட்டு புருவத்துக்கு இறங்கி, பூ காதில் தொங்க, ஒரு கையில் தட்டும் மறுகையில் அவர் இடுப்புமாகக் கல்யாணப் பெண். ஆரத்தியை யாருக்குச் சுற்றுவது என்று அம்மாவுக்குப் புரியவில்லை.

ஆன்ட்டி உள்ளே போய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்; நாலரைக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. தட்டில் மிஞ்சிய பூவை என் கலைந்த தலையில் வைத்தார்.

"பொண்ணு பரவால்ல," என்றார் அம்மாவிடம். "வண்டியத்தான் மாத்தணும்."

மறுநாளே கறுப்பு அப்சோர்பர் மாட்டினேன். ஆன்ட்டி அத்தையானார். சம்பந்தம் எப்படி அமைந்தது என்று யார் கேட்டாலும், "நாங்க எங்க பொண்ணு பாத்தோம்? ரோட்டுல கெடந்த பொண்ண வீட்டுல கொண்டுபோயி விட்டோம்," என்பார்.

போன வருஷம் என் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் புறப்படுவதாக ஃபோன் செய்தார்கள். எடுத்தது அத்தை.

"வண்டி நல்லா ஓடுதுல்ல?" என்று விசாரித்தார். "இல்லன்னா சொல்லுங்க, பொண்ண அனுப்பி வெக்கிறோம்."