பூட்டிய வீட்டுக்குப் போட்ட கடிதம்

இந்த வருடத்துக்குள் முதலீட்டாளர் ஆகிவிடுவது என்று முடிவு செய்தேன். மனைவிக்குத் தெரியாமல் ஆவது என்றும் முடிவு செய்தேன். இரண்டாவதுதான் பெரிய முடிவு.

காரணம் அவளுடைய முழங்கால். நாங்கள் வாடகைக்கு இருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வேலை விட்டு வருபவள் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குவாள். “வலிக்குதா?” என்றால், “சுவத்துல பெயின்ட் உரிஞ்சிருக்கு, பாத்தேன்” என்பாள். எங்கள் சேமிப்புக்குக் கீழ்த்தள வீடு அமையாது. ஆகவே யாரும் சீண்டாத வீடு ஒன்றை மலிவாக வாங்கி, நல்ல விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் அவளைத் தரைக்கு இறக்குவதாகத் திட்டம்.

அடுத்த தெருவில் எட்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது ஒரு வீடு. கேட்டில் கொடி படர்ந்து, கொடியில் குருவி கூடு கட்டி, அந்தக் குருவி இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருக்கும். உரிமையாளர் யார்?

பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன்.

“ஓனரா? செத்துட்டாரு.”

“எப்போ?”

“உயிரோட இருக்காருன்னும் சொல்றாங்க.”

வரி அலுவலகத்துக்குப் போனேன்.

“அந்த வீட்டுக்கு நீங்க என்ன உறவு?”

“இனிமேதான் சார்.”

“உறவானதும் வாங்க.”

கடைசியில் என் மூளை வேலை செய்தது. இடம் மாறிப் போனவர்களின் கடிதங்களைத் தபால்காரர்கள் புது முகவரிக்குத் திருப்பிவிடுவார்கள் அல்லவா? ‘உரிமையாளர் அவர்களுக்கு’ என்று அந்த வீட்டு முகவரிக்கே எழுதினேன். மனைவி கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று, இரண்டு பஸ் மாறிப் போய் வேறொரு பகுதித் தபால்பெட்டியில் போட்டேன்.

என் மனைவிக்குத் தபால் நிலையத்தில் வேலை. கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கும் மேஜையில். எங்கே போட்டாலும் எங்கள் பகுதிக் கடிதம் அவள் கைக்குத்தான் வரும் என்பது, திரும்பி வந்த இரண்டு பஸ்ஸிலும் எனக்குத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து அவள் கேட்டாள்.

“ஏங்க, அந்தப் பூட்டின வீட்டுக்கு லெட்டர் போட்டீங்களா?”

“நானா? எந்த வீடு? எந்த லெட்டர்?”

“உறையில உங்க கையெழுத்து. எழுத்துக்குக் கொம்பு போடச் சொன்னா யானைக்குப் போடறது நீங்க ஒருத்தர்தான்.”

“பிரிச்சுப் படிச்சியா?”

“சீச்சீ, பிரிக்கக் கூடாதுங்க. அந்தம்மாவே போன்ல படிச்சுக் காட்டினாங்க.”

“எந்தம்மா?”

“ஓனரம்மா. வெளியூர்ல மகளோட இருக்காங்க. எட்டு வருஷமா அவங்க தபாலுக்குப் புது அட்ரஸ் எழுதறது நான்தானே. ‘யாரும்மா இந்த ஆளு, நம்பலாமா’ன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“நல்ல மனுஷன், ஆனா வாங்கின கையோட வித்துடுவாருன்னேன்.”

“அதை ஏன் சொன்னே!”

“பொய் சொல்ல முடியுமா? அவங்க வீட்டுக்காரர் நின்னு பாத்துக் கட்டின வீடாம். குடியிருக்கறவங்களுக்குத்தான் குடுப்பாங்களாம்.”

“போச்சு! உன் முழங்காலுக்காகத்தானே நான்...” நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

“தெரியும். அதான் நான் குடியிருக்கேன்னு சொல்லிட்டேன். நம்ம சேமிப்புக்கே தர்றாங்களாம். மாடிப்படியே கிடையாது.”

“அப்ப நான் முதலீட்டாளர்!”

“ஆமாமா. பதிவுக்கு நல்ல சட்டையா போட்டுட்டு வாங்க.”

போட்டுக்கொண்டு போனேன். பத்திரத்தில் என் பெயரும் இருக்கிறது. சாட்சிகள் வரிசையில், இரண்டாவதாக.